பெல்ட் கத்திய சீசன்

உங்களில் சிலருக்காவது அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். காலை ஈரத்தில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும், பானெட்டுக்கு அடியில் அணில் குஞ்சு மாட்டிக்கொண்ட மாதிரி கீச், கீச், கீச் என்று வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் கீச்சுகள் நெருங்கும். விட்டால் இடைவெளி விழும். இப்போது என் மகன் ஓட்டுகிற காரில் அப்படி ஒன்று வந்தால், ஃபோனில் பதிவு பண்ணி யாருக்கோ அனுப்புவான். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்குப் பதில் கிடைக்க ஒரு சீசனே ஆகிவிட்டது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. தென்காசிக் கோயிலில் பெரிய கோபுரம் அப்போது கிடையாது. நடுவில் பிளந்துபோன மொட்டைக் கட்டடம் மட்டும் நின்றது, உங்களுக்கு ஞாபகமிருக்கும். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் டாக்ஸிகள் நிற்கும். கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக அப்பாவின் வண்டியும் அங்கேதான் நிற்கும். அப்பா அதற்கு முன் செங்கோட்டை ரோட்டில் ஒரு மரமில்லில் பன்னிரண்டு வருஷம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவர். டாக்ஸிக்கு வந்த பிறகுதான் வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்தார். அதை அவரே துவைத்து, அவரே நீலம் போட்டுக் காயவைப்பார்.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் அப்பா எங்களுக்கு இல்லை. ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு மேலகரம் வழியாகக் குற்றாலம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், மறுபடி ஸ்டேஷன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜர் தன்னிடம் தங்குகிறவர்களை அப்பாவின் வண்டியில்தான் அனுப்புவார். எங்களுடைய வருஷம் அந்த மேனேஜரின் இரண்டு மாதத்தில்தான் ஓடியது.

சாயங்காலம் வண்டி வீட்டு வாசலுக்கு வந்ததும் உள்ளே ஏறுவேன். தலையில் தேய்த்த எண்ணெயும் ஈரத்துணியும் சேர்ந்து ஒரு வாசனை. தரையில் விரித்த சாக்கை உதறினால் மணலோடு என்னென்னவோ விழும். ஹேர்பின், பாதி சீப்பு, ஒரு கால் செருப்பு, மூடி இல்லாத சோப்பு டப்பா. சோப்புத் துண்டுகளை முகர்ந்து பார்த்து எது எந்த ஊர்ச் சோப்பு என்று நானாகவே ஒரு கணக்குச் சொல்வேன். அம்மா எல்லாவற்றையும் ஒரு ஓலைக் கூடையில் போட்டு வைப்பாள். ‘தேடிட்டு வந்தா குடுக்கணும்லா’ என்பாள். ஒருத்தரும் வந்ததில்லை.

ஆனி நடுவில் ஒருநாள் காலை வண்டி கத்த ஆரம்பித்தது. முதலில் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தெருமுனையில் கீச் என்றாலே அப்பா வருகிறார் என்று தெரிந்துவிடும். இரண்டாம் நாள் அம்மா வாசலுக்கு வந்தாள்.

“காரு என்னத்துக்குக் கத்துது?”

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை. அம்மா இன்னும் பக்கத்தில் போய்ச் சொன்னாள். “காரு கத்துதுங்கேன்.”

“எங்கன கத்துது? நல்லாத்தான இருக்கு.”

“தெருவே திரும்பிப் பாக்குது. நல்லாருக்காம்லா!”

அவள் சொல்லி முடிப்பதற்குள் அப்பா கிளம்பிவிட்டார். கீச், கீச், கீச் என்று சத்தம் தெருவைத் தாண்டிப் போனது.

எங்கள் வீட்டில் இது புதிதில்லை. அம்மாவின் குரல் மெல்லிசு. கோபம் வந்தால் கம்பி மாதிரி இன்னும் மேலே போகும். அவள் பேசினால் அப்பாவிடமிருந்து பதில் வராது. வந்தாலும் வேறு எதற்கோ வரும். ‘அரிசி தீந்துட்டு’ என்றால், ‘நாளைக்கு லீவு இல்ல’ என்பார். அதே அப்பா, எதிர்வீட்டு மாமா தெருவிலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் உடனே திரும்பிச் சிரிப்பார். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களோடு மணிக்கணக்காகப் பேசுவார். அம்மா அதைப் பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். “வெள்ளச் சட்ட ஏறின பொறவு நாம கண்ணுக்குத் தெரியல” என்று என்னிடம் சொல்வாள். கொஞ்ச நாளில் நேராகப் பேசுவதையே விட்டுவிட்டாள். ‘உங்கப்பாட்ட சொல்லு’ என்றுதான் எல்லாம் வரும்.

எனக்கும் அவர்மேல் ஒரு வருத்தம் இருந்தது. நான் எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பார். ‘ம்’ என்றால் சரி என்றுதானே ஒரு பிள்ளை எடுத்துக்கொள்ளும்? பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் கும்மி ஆடுகிறேன், வருவீங்களா என்று கேட்டேன். ‘ம்’ என்றார். முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கச் சொல்லி டீச்சரிடம் கெஞ்சியிருந்தேன். அப்பா வரவில்லை. மறுநாள் அழுதுகொண்டே கேட்டபோது, ‘எப்பம்ட்டி சொன்ன?’ என்றார். அப்பா பொய் சொல்கிறார் என்று அன்றைக்கு நான் முடிவு கட்டினேன். ஒன்பது வயதில் கட்டுகிற முடிவு கல்லுக் கட்டடம் மாதிரி இருக்கும்.

ஆனி மாதக் கடைசியில் லாட்ஜ் மேனேஜர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கனத்த குரல்காரர். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார்.

“மெட்ராஸ்காரங்கள ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போனீரே, என்ன வே பண்ணினீரு? பிள்ளை கையில இருந்த பொம்மை ஜன்னல் வழியா விழுந்துட்டாம். அந்தம்மா பின்னால இருந்து நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு எத்தன மட்டம் சொல்லியிருக்காங்க! நீரு பாட்டுக்குப் போயிட்டீராமே. பிள்ளை ஊருக்குப் போற வரைக்கும் அழுதுக்கிட்டே போச்சு.”

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அந்தம்மா ஒண்ணும் சொல்லலியே!”

“வண்டியும் கீச்சுகீச்சுங்குது, டிரைவருக்கும் திமிரு ஏறிக் கெடக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மொதல்ல அந்தச் சத்தத்தச் சரி பண்ணும். அதுவரைக்கும் நான் வேற வண்டிய அனுப்புதேன்.”

உள்ளே அம்மா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: “வீட்ல பண்ணுததத்தான் வெளியிலயும் பண்ணியிருக்காரு.”

மறுநாள் காலை அப்பா தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு ஐந்தருவி ரோட்டில் ஊர்ந்து ஊர்ந்து போயிருக்கிறார். வரும்போது அவர் கையில் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று இருந்தது. ஒரு கை இல்லை, உடம்பெல்லாம் சேறு. குழாயடியில் உட்கார்ந்து அதைச் சட்டை துவைக்கிற மாதிரி கழுவினார். மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ‘இனி எந்த ஊருக்குய்யா அனுப்ப?’ என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதுவும் ஓலைக் கூடைக்குள் போனது. அந்தப் பொம்மையோடு விளையாட எனக்கு மனசு வரவே இல்லை.

மெக்கானிக்கின் பட்டறை இலஞ்சி ரோட்டில் தூங்குமூஞ்சி மரத்துக்கு அடியில் இருந்தது. அப்பா அவரை அண்ணாச்சி என்பார். அவரும் அப்பாவை அண்ணாச்சி என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பது இருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு அப்பாவோடு அங்கே போனேன். மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார். எஞ்சினுக்கு முன்னால் மூன்று சக்கரங்கள் இருந்தன. அடியில் ஒன்று, விசிறியோடு ஒன்று, பக்கவாட்டில் டைனமோவோடு ஒன்று. மூன்றையும் சுற்றி ஒரே ஒரு ரப்பர் பெல்ட் ஓடியது.

மெக்கானிக் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கம் லேசாகத் தெளித்தார். கீச்சு சட்டென்று நின்றது. நான் மனசுக்குள் எண்ணினேன். பதினேழு எண்ணும்போது மறுபடி கீச்.

“தண்ணி பட்டா நிக்குது, காஞ்சா கத்துது. பெல்ட்டுதான் அண்ணாச்சி. தேஞ்சு வழுவழுன்னு ஆயிட்டு.”

புது பெல்ட் போட்டார். மூன்று நாள் சத்தமே இல்லை. நாலாம் நாள் காலை அணில் குஞ்சு திரும்பி வந்துவிட்டது. அப்பாவுக்கு அதை நான்தான் சொன்னேன். மறுபடி பட்டறை. “புது பெல்ட்டு, தளந்திருக்கும்” என்று மெக்கானிக் டைனமோவை ஒரு கம்பியால் நெம்பி, பெல்ட்டை விறைப்பாக இறுக்கினார். அடுத்த நாள் சத்தம் முன்னைவிட மோசம். இப்போது ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அப்பாவின் வண்டியைப் பார்த்ததும் வாயைக் குவித்துக் குருவி கூப்பிடுவது மாதிரி சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். வேறு எதற்கோ சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார் போல.

மூன்றாவது முறை போனது ஒரு சனிக்கிழமை காலை. மெக்கானிக்குக்கு அலுப்பு வந்துவிட்டது. இரண்டு தடவை சரி என்று சொல்லி அனுப்பிய வண்டி திரும்பி வந்தால் எந்த மெக்கானிக்குக்குத்தான் பிடிக்கும்? வேறு இரண்டு டிரைவர்களும் அங்கே நின்றார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா டைனமோவின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

“அண்ணாச்சி, பெல்ட்டுல இல்ல. இதுக்குள்ள என்னமோ உறுமுது. ரெண்டு நாளா எனக்குக் கால்லயே தெரியுது.”

“கீச்சுன்னு கத்துதது ஊருக்கே கேக்குது. நீரு உறுமுதுங்குதீரு” என்றார் மெக்கானிக். அப்புறம் அப்பாவை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். “ஆமா வே, உமக்கு அந்தச் சத்தம் கேக்குதா, இல்லியா?”

“ஏன் கேக்காம? கேக்குது.”

“அப்பம் சரி. நான் தண்ணி தெளிக்கேன். நிக்கும்போது நின்னுட்டுன்னு சொல்லும். கத்தும்போது கத்துதுன்னு சொல்லும்.”

மெக்கானிக் தண்ணீர் தெளித்தார். “நின்னுட்டு” என்றார் அப்பா. கொஞ்ச நேரத்தில் கீச். “கத்துது” என்றார். இரண்டாவது தடவையும் சரியாகச் சொன்னார். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். சத்தம் வரும்போது எனக்குப் பல் கூசும், மூக்கைச் சுளிப்பேன். நின்றதும் முகம் இளகும். அப்பா பெல்ட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது அந்த நிமிஷத்தில் புரிந்தது. புரிந்ததும் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். அன்று நான் செய்தது இதுதான். மூன்றாவது தடவை தண்ணீர் காய்ந்து கீச்சு திரும்பி வந்தபோது, பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டேன். முன்வரிசையில் காலியாகக் கிடந்த நாற்காலி ஞாபகம் வந்தது. பொய் சொல்கிறாரா, இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

சத்தம் காதைக் கிழித்தது. அப்பா என்னையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இன்னும் வரல” என்றார்.

டிரைவர்கள் இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். “செவிட்டு ஆளுட்டயா மேனேஜர் இம்புட்டு நாளா பிள்ளகுட்டிகள ஏத்தி அனுப்பினாரு!” என்றார் ஒருவர். அது கனத்த குரல். அப்பாவுக்கு நன்றாகவே கேட்டது. மெக்கானிக் சிரிக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, “வண்டி இங்கன கெடக்கட்டும் அண்ணாச்சி. நீரு வீட்டுக்குப் போயிட்டு வாரும்” என்றார்.

நாங்கள் ஒரே குடையில் நடந்து வந்தோம். சாரல் பக்கவாட்டில் அடித்ததால் குடை இருந்தும் நனைந்தோம். பாதி வழியில் அப்பா நின்று, என் பக்கம் குனிந்தார்.

“வேணும்னுதானட்டி மூஞ்சிய அப்படி வச்ச?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“எனக்கும் தெரிஞ்சுது. உன் மூஞ்சி இயல்பா இல்லன்னு தெரிஞ்சுது. கத்துதுன்னு சொல்லியிருக்கலாம்.”

“பின்னே ஏன் சொல்லல?” என்று கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, உரக்க, ஒவ்வொரு வார்த்தையாக மறுபடி கேட்டேன். என் அப்பாவிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

“எம்புட்டு நாளைக்கு அடுத்தவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேக்குது, கேக்குதுன்னு சொல்ல?” என்றார். “அலுத்துப் போச்சு.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அம்மாட்ட சொல்லாத” என்றார்.

அவர் என்னை ஒரு அடி அடித்திருந்தால் சொல்லாமல் இருந்திருப்பேனோ என்னவோ. அடிக்கவில்லை. அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, அடுப்படியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா முதலில் நம்பவில்லை. “எதுத்த வீட்டு மாமா பேசினா கேக்குதே” என்றாள். அப்புறம் அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

அப்பா வந்து மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார், அடுப்படிக்கு முதுகைக் காட்டியபடி. அம்மா அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றாள்.

“ஏங்க” என்றாள். அவர் சோற்றைப் பிசைந்தார். “ஏங்க, மோர் ஊத்தட்டுமா?” அவர் சாப்பிட்டார். “ஏங்க...” மூன்றாவது தடவை அவள் குரல் உடைந்தது. அதற்கும் அவர் திரும்பவில்லை. அம்மா காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தாள். அப்பா உடனே திரும்பினார்.

“என்ன?”

அம்மா மோர் ஊற்றினாள். அப்புறம் பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் போனபோது, “எத்தன வருசமா இந்த மனுசன என்னெல்லாம் பேசியிருக்கேன் தெரியுமாட்டி” என்றாள். அழவில்லை. எழுந்து முகத்தைக் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டு, “அந்தப் பட்டறை எங்கன இருக்குன்னு காட்டு” என்றாள்.

அந்தக் காலத்தில் பெண்கள் யாரும் பட்டறைக்குப் போவதில்லை. அம்மா தூங்குமூஞ்சி மரத்தடியில் போய் நின்றதும், மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

“அண்ணாச்சி, அவரு எந்த எடத்துல உறுமுதுன்னு சொன்னாரு?”

“தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்குக் காது...”

“தெரியும். கீச்சுங்குதது அவருக்குக் கேக்காது. என் சத்தமும் கேக்காது. அதுக்காக அவருக்குக் கேக்குதது பொய்யாயிருமா? அவரு சொன்ன எடத்தக் கழத்திப் பாருங்க.”

மெக்கானிக் வண்டிப் பக்கம் திரும்பினார். அப்புறம் ஸ்பேனரை எடுத்தார். பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரு நிமிஷம் ஓட்டினார். கீச்சு இல்லை. “அப்பம் எஞ்சினுக்குள்ள ஒண்ணுமில்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிறுத்தினார். விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். வெண்ணெயாகச் சுற்றியது. டைனமோ சக்கரத்தைச் சுற்றினார். கரகரவென்று தயங்கித் தயங்கிச் சுற்றியது. இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். விழப்போகிற பால்பல் மாதிரி அது ஆடியது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை டைனமோவில் ஊன்றி, மஞ்சள் பிடியைக் காதில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை சுற்றினார். முகம் மாறிவிட்டது. பிடியைத் துடைத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மாவும் காதில் வைத்துக் கேட்டாள்.

“அம்மியில மணல் கெடந்த மாதிரி இருக்கு” என்றாள்.

“பேரிங் போயிட்டு தங்கச்சி. அதான் சக்கரம் சாயுது. சாயவும் பெல்ட்டு கோணலா ஏறி ஓரத்துல உரசுது. அந்த உரசல்தான் கீச்சு.” அவர் தலையைச் சொறிந்தார். “நான் இழுத்து இறுக்கினது அத இன்னும் கெடுத்துட்டு. அவரு சொன்னதுதான் சரி. நானே அவர்ட்ட சொல்லுதேன்.”

“பக்கத்துல போயி, அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க” என்றாள் அம்மா.

மெக்கானிக் அப்படியே சொன்னார். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார். புது பேரிங் போட்ட பிறகு வண்டி ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் ஓடியது.

ஆனால் பட்டறையில் சிரித்த சிரிப்பு குற்றாலம் வரைக்கும் போய்விட்டது. மேனேஜர் கெட்டவர் இல்லை. “வண்டி சரியாயிட்டு, எனக்குத் தெரியும். காது கேக்காத டிரைவர்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு நான்லா பதில் சொல்லணும்” என்றார். ஸ்டாண்டிலும் அப்பா வரிசையில் முதலாவதாக நின்றால்கூட ஆட்கள் இரண்டாவது வண்டிக்குப் போனார்கள். ஆடி முடிகிற வரைக்கும் வண்டி வாசலில்தான் நின்றது. உதறுவதற்குச் சாக்கில் மணல்கூட இல்லை. ஆவணியில் வடகரையிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி வண்டியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு ஆலங்குளம் பக்கம் காய்கறி லோடு ஏற்றுகிற வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. “தக்காளி நிறுத்துன்னு கத்தாது” என்று அவரே சொல்லிச் சிரித்தார். வயதாகிக் கண் மங்கும்வரை லோடுதான் ஓட்டினார்.

அந்த நாளை நான் பல விதமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். நான் முகத்தைச் சுளித்திருந்தால் அப்பா அந்த வருஷம் முழுக்க வெள்ளைச் சட்டையோடு குற்றாலம் போயிருப்பார். இன்னொரு பக்கம், பின்னால் வருகிற சைக்கிள் மணி கேட்காமல் எத்தனை நாள் ஓட்டியிருப்பார் என்றும் தோன்றும். இரண்டில் எதை நினைத்தாலும் மனசு அடங்குவதில்லை. பிள்ளைகள் செய்வதைப் பெரியவர்கள் மன்னித்துவிடுகிறார்கள். செய்த பிள்ளைக்குத்தான் வயதாக ஆக அது கூடிக்கொண்டே போகிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கலாம். கேட்க மாட்டேன்.

வண்டியை வடகரைக்காரரிடம் கொடுப்பதற்கு முந்தின வாரம், அதிலேயே பாளையங்கோட்டைக்கு ஒரு காது டாக்டரைப் பார்க்கப் போனோம். அம்மாதான் பிடிவாதமாகக் கூட்டிப் போனாள். டாக்டர் கவட்டை மாதிரி பிளந்த ஒரு இரும்புக் கம்பியைத் தட்டி, அப்பாவின் காதருகே பிடித்துப் பிடித்துப் பார்த்தார். எங்கே வேலை பார்த்தீர்கள் என்று விசாரித்தார்.

“ரம்பம் எந்தப் பக்கம் நின்னுது?”

“எடப்பக்கம் சார்.”

“அந்தக் காதுதான் ரொம்பப் போயிருக்கு. வலது காது கொஞ்சம் பரவாயில்லை. கனத்த சத்தம் கேக்கும். மெல்லிசான சத்தம் கேக்காது. போனது திரும்பி வராது.”

“என் சத்தம் மெல்லிசு டாக்டர்” என்றாள் அம்மா, ஏதோ தப்பை ஒத்துக்கொள்கிற மாதிரி.

“கத்தாதீங்கம்மா. கத்தினா உங்க குரல் இன்னும் மேலதான் போகும். வலது காதுக்குப் பக்கத்துல வந்து, தாழ்வா, நிதானமாப் பேசுங்க.”

திரும்பி வரும்போது ஆலங்குளத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். மறுபடி ஏறும்போது அம்மா என்னை, “நீ முன்னால போ” என்றாள். அவள் அப்பாவுக்கு நேர் பின்னால், வலது ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வண்டி ஊரைத் தாண்டியதும் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். அவள் வாய் அப்பாவின் வலது காதுக்கு அருகில் இருந்தது. எதிரே சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. செங்கோட்டைக் கணவாய்க் காற்று எதிரே வந்து முகத்தில் அறைந்தது. முன்சீட்டில் இருந்த எனக்கு அவள் பேசுவதில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அப்பா ‘ம்’ என்றார். கொஞ்ச தூரத்தில், “அப்படியா? எப்பம்?” என்றார். ஒரு இடத்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்து, “அதுக்கா அன்னைக்கு அழுத?” என்று கேட்டார். அம்மா இன்னும் குனிந்து ஏதோ சொன்னாள். தென்காசி வரும்வரை அவள் நிமிரவே இல்லை.

மொட்டைக் கோபுரம் தெரிந்தது. எங்கள் தெரு திரும்புகிற இடம் வந்தபோது அம்மா கடைசியாக ஒன்று சொன்னாள். ஒரே ஒரு சின்ன வாக்கியம். அப்பா வண்டியைத் தெருவுக்குள் திருப்பவில்லை. நேராக மேலகரம் ரோட்டில் விட்டார். சீசன் முடிந்து கடைகளெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தன. பேரருவியில் பாறை தெரிகிற அளவுக்குத்தான் தண்ணீர். அந்த வண்டியில் ஊர் உலகமெல்லாம் அருவிக்குப் போயிருக்கிறது. அம்மா போனது அதுதான் முதல் தடவை.

அதற்கு முன் எத்தனை தடவை கேட்டிருப்பாளோ.